ஏரியல் கட்டும் பிள்ளைக்குப் பிழைப்பு உண்டா?

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பத்து வயதில் பழைய ரேடியோ ஒன்றில் தொடங்கிய பழக்கம், இருபத்திரண்டு வயதிலும் மகனை விடவில்லை. இரவெல்லாம் சிற்றலை கேட்கிறான், மாடியில் நடக்க இடமில்லாமல் ஏரியல், அலமாரி நிறைய வானொலி நிலையங்கள் அனுப்பிய வண்ண அட்டைகள். இப்போது 'இதையே தொழிலாகச் செய்யப் போகிறேன்' என்கிறான். எல்லோரும் போனில் படம் பார்க்கும் காலத்தில் ஏரியலுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீடு வீடாக ஏரியலும் டிஷ்ஷும் மாட்டிக்கொடுப்பதுதான் அவன் திட்டம் என்றால், உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அது தேய்ந்துவரும் வேலை. ஏணியும் ஸ்பேனரும் வைத்திருப்பவர் யாரும் அதற்குப் போட்டிக்கு வரலாம். அந்த வேலைக்குப் பன்னிரண்டு வருட அனுபவமும் தேவையில்லை.

இந்தப் பொழுதுபோக்கு தொழிலான கதைகள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்ட் 1976-ல் தன் வீட்டிலேயே டிஷ் செய்து, கேபிள் நிறுவனங்களுக்காகச் செயற்கைக்கோள் வழியே போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சிகளைப் பிடித்தார். பார்த்த படத்துக்கு, அதை அனுப்பிய எச்.பி.ஓ நிறுவனத்துக்கு 100 டாலர் காசோலையும் அனுப்பிவைத்தார். தனி ஆளோடு எங்களுக்குக் கணக்கு வழக்கு இல்லை என்று அது திரும்பி வந்தது. 1980-ல் அவர் கூட்டாகத் தொடங்கிய சப்பரல் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் விற்றது படத்தை அல்ல, டிஷ்ஷின் குவியத்தில் உட்கார்ந்து சிக்னலை வாங்கிக்கொள்ளும் ஃபீட்ஹார்ன் போன்ற பாகங்களை. எதைப் பிடித்தார் என்பதைவிட, பிடிப்பதற்கு எது தடையாக இருந்தது என்று கண்டுபிடித்ததே அவருக்குச் சோறு போட்டது. (அவர் பேராசிரியர், உங்கள் மகனுக்கோ இன்னும் மூன்று பாடம் பாக்கி. அந்த வித்தியாசத்தையும் நான் மறக்கவில்லை.)

உங்கள் மகனிடம் நான் முதலில் பேச நினைப்பது இதைத்தான். அவனுக்கு இன்பம் தருவது எப்போதாவது கிடைப்பது. தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனிப் படலம் திடீரென்று அடர்ந்து, 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டிவி நிலையம் பத்து நிமிடம் தெரிந்து மறைகிறதே, அந்தப் பத்து நிமிடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பான். காசு கொடுப்பவர் கேட்பது நேர் எதிரானது. பக்கத்து ஊர் நிலையமே போதும், ஆனால் மழையிலும் வெயிலிலும் ஒரு நொடிகூட அறுபடக் கூடாது என்பார். அந்த அலுப்பான வேலையில் அவனுக்குச் சுவை பிறக்குமா என்று அவனே யோசிக்கட்டும்.

பிறக்கும் என்றால், அவன் கையில் சரக்கு இருக்கிறது. சிக்னல் ஏன் கெடுகிறது என்று காதாலும் கண்ணாலும் சொல்லத் தெரிந்தவர்கள் அதிகமில்லை. அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகி எச்சரிக்கும். டிஜிட்டலில் கடைசி வரை பளிச்சென்று இருந்து, கட்டம் கட்டமாக உடைந்து, சட்டென்று இருண்டுவிடும். உடனே யாராவது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கி டிவிக்குப் பின்னால் செருகுவார்கள். ஏரியலிலிருந்து டிவிக்கு இழுக்கும் சாதாரண ஆர்ஜி-6 கேபிளில் 800 மெகாஹெர்ட்ஸ் அளவில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழப்பு. அனுப்பியதில் நூறில் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வந்து சேரும். அப்படித் தேய்ந்து வந்ததைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். பூஸ்டர் இருக்கவேண்டிய இடம் ஏரியலின் காலடி. சில இடங்களில் கோளாறே வேறு: அருகிலுள்ள மொபைல் கோபுரத்தின் சிக்னல் அளவுக்கு மீறி நுழைந்து பூஸ்டரைத் திணறடிக்கும். அங்கே தேவை ஒரு ஃபில்டர்தான், இன்னொரு பூஸ்டர் அல்ல. சில இடங்களில் குற்றவாளி ஒரு மலிவான எல்.இ.டி விளக்கின் பவர் சப்ளையாகவோ சோலார் இன்வெர்ட்டராகவோ இருக்கும். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்து அதைப் பிடிப்பது, சிற்றலைக்காரர்கள் தூக்கத்தில்கூடச் செய்யும் வேலை.

ஆகவே அவன் விற்கவேண்டியது அளவீட்டையும் காரணத்தையும். வாடிக்கையாளர் தனி வீட்டுக்காரர் அல்ல. நூறு அறைக்கு ஒரே ஏரியல், ஒரே டிஷ் வைத்திருக்கும் விடுதி, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு. வாக்கி-டாக்கி அடித்தளத்தில் வேலை செய்யவில்லை என்று புலம்பும் தொழிற்சாலை. வயர்லெஸ் மைக்கில் நடுநிகழ்ச்சியில் கரகரப்பு வரும் அரங்கம். கப்பல், சுரங்கம், தோட்டம் என்று ஃபைபர் எட்டாத இடங்கள். இவர்களுக்குப் படம் நின்றால், பேச்சு அறுந்தால் நஷ்டம். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடக்கூடியவர்கள் இவர்கள்தான். ஒரு தடவை மாட்டிவிட்டுப் போகும் வேலையில் அடுத்த மாதச் செலவுக்கு உத்தரவாதம் கிடையாது.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2012 வாக்கில், டிவி பார்க்கச் செய்த ஒரு சின்ன யு.எஸ்.பி குச்சியையே கணினியில் செருகி அகன்ற அலைவரிசையைக் கேட்கும் ரிசீவராக்கலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அது அவனிடம் கட்டாயம் இருக்கும். கற்றுக்கொள்ள அது போதும், ஆனால் வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்கும் அறிக்கைக்குப் போதாது. அதற்கு அளவு சரிபார்த்துச் சான்று பெற்ற மீட்டர் வேண்டும். தொடக்கத்தில் வாடகைக்கு எடுக்கட்டும், கடன் வாங்கி வாங்கவேண்டாம்.

சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கான அமெச்சூர் உரிமம் எடுத்துவிட்டால் தொழில் செய்யலாம் என்று அவன் நினைத்தால், தவறு. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட வானொலி ஒழுங்குமுறையே அமெச்சூர் சேவையைப் பண ஆதாயம் கருதாதது என்றுதான் வரையறுக்கிறது. அந்த உரிமத்துக்குப் படிப்பது நல்ல பயிற்சி. அந்த உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக்குறியை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது, அவ்வளவுதான். மொபைல் சிக்னல் பூஸ்டர் மாட்டித்தரச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள், பல நாடுகளில் அனுமதியில்லாமல் அது குற்றம். கட்டணச் சேனலைத் திருட்டுத்தனமாகத் திறந்து தரச் சொல்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பவேண்டும்.

உயரத்தில் ஏறும் வேலைக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் காப்பீடும் இல்லாமல் ஒரு கம்பத்தைக்கூட அவன் தொடக் கூடாது. ஏரியல் கம்பம் சாய்ந்து மின்கம்பியில் பட்டு உயிர் போவது இந்தத் தொழிலில் நடக்கக்கூடியதுதான். இதில் மட்டும் நீங்கள் அப்பாவாகப் பிடிவாதம் பிடிக்கலாம், நான் உங்கள் பக்கம்.

படிப்பை விடவேண்டாம் என்று நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆமாம், சொல்கிறேன். மின்னணு-தகவல்தொடர்பு டிப்ளமோவோ பட்டமோ இருந்தால், தொழில் படுத்தாலும் ஆர்.எஃப் (வானொலி அலை) சோதனைக்கூடம், ஒளிபரப்பு நிலையம், டெலிகாம் நிறுவனம் என்று கதவு திறந்திருக்கும். பாக்கித் தேர்வுகளை எழுதிக்கொண்டே ஆறு மாதம் சனி, ஞாயிறுகளில் மட்டும் தொழிலை ஓட்டிப் பார்க்கட்டும். அறிமுகமில்லாத பத்துப் பேரிடம் கட்டணம் வாங்கி வேலை செய்யவேண்டும். சொந்தக்காரர் வீட்டு வேலை கணக்கில் சேராது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது, எவ்வளவு வந்தது என்று எழுதவேண்டும். பொழுதுபோக்குக்காரர்கள் சுவாரசியமான கோளாறு கிடைத்தால் ஒரு மணி நேர வேலையை நாலு மணி நேரம் நோண்டுவார்கள், மீதி மூன்று மணிக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். அந்தப் பழக்கம் குறைகிறதா என்பது அந்தக் கணக்குப் புத்தகத்தில் தெரிந்துவிடும். ஆறாவது மாதக் கடைசியில் அதை எடுத்துக்கொண்டு இருவரும் என்னை வந்து பாருங்கள்.

கடிதத்தின் கடைசியில், அந்தப் பழைய நோட்டுகளையும் வண்ண அட்டைகளையும் பழைய பேப்பருக்குப் போடலாமா என்று அம்மா கேட்பதாக எழுதியிருந்தீர்கள். போடவேண்டாம். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த அலைவரிசை, எவ்வளவு தெளிவு என்று பன்னிரண்டு வருடம் விடாமல் எழுதியிருக்கிறான். முதல் வாடிக்கையாளர் அனுபவம் கேட்டால் எடுத்துக் காட்ட இப்போதைக்கு அவனிடம் வேறு எதுவும் இல்லை.