ஊருக்குப் போவதென்றால் போய் இருங்கள்

கேள்வி (ஜனவரி 2021): கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், தரம் 5க்குப் போகும் மகள், புட்டிப்பால் குடிக்கும் 5 மாத மகன், இன்சுலின் போடும் மாமி. ஒக்டோபரில் இருந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறோம். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கந்தோருக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணம் உரும்பிராயில் எங்கள் பழைய வீட்டில் மாமியின் அக்கா, நாங்கள் பெரியம்மா என்பவ, 78 வயது, தனியே இருக்கிறா. கொரோனா அடங்கும்வரை அங்கே போய்விடலாமா?

பதில்: போகலாம். ஆனால் "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கடிதம் முழுவதிலும் எனக்குப் பயம் தந்தது அதுதான்.

ஊரில் கொரோனா இல்லை என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடை மீன் சந்தையில் பிடித்த தொற்று, மீன் லொறிகளோடும் வியாபாரிகளோடும் நாடு முழுக்கப் போனது. டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் தொற்று எப்படிப் பரவியது என்று பெரியம்மாவைக் கேளுங்கள். உரும்பிராயில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். ஊரின் நன்மை வேறு. ஒரே லிஃப்டில் இருபது குடும்பம் ஏறி இறங்குவதில்லை. காற்று வருகிற விறாந்தையும் பிள்ளை ஓடி விளையாட வளவும் இருக்கும். யார் வந்தார், யார் போனார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கணவர் மாதம் இருமுறை கொழும்புக்குப் போய்வந்தால் இந்த நன்மை முழுதும் போய்விடும். 400 கிலோமீற்றர், யன்னல் மூடிய குளிரூட்டிய இரவு பஸ், முன்பின் தெரியாத நாற்பது பேரின் மூச்சு. திரும்பி வந்து படுக்கிற வீட்டில் 78 வயது ஒருவர், நீரிழிவோடு இன்னொருவர். இதைவிட நீங்கள் வெள்ளவத்தையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது பெரியம்மாவுக்குப் பாதுகாப்பு. கந்தோரில் பேசி, மூன்று மாதமாவது வராமல் இருக்க அனுமதி வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் கணவர் கொழும்பில் தங்கட்டும், நீங்கள் போங்கள். அதுவும் முடியாதென்றால் ஒருவரும் போக வேண்டாம்.

அனுமதி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி 14 நாள் தனிமைப்படுத்தலை எங்கே கழிப்பது என்பது. மேல் மாகாணத்தை விட்டு வெளியேறும் இடங்களில் 2020 டிசம்பரில் இருந்து எழுமாறாக அன்டிஜன் பரிசோதனை செய்கிறார்கள். அதில் 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாகப் போய்ப் பெரியம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தொற்றி முதல் சில நாட்களில் பி.சி.ஆர். கூடத் தவறவிடும்; அன்டிஜன் இன்னும் அதிகமாகத் தவறவிடும். அறிகுறி வருவதற்குப் பெரும்பாலும் ஐந்தாறு நாள், சிலருக்கு 14 நாள் வரை எடுக்கும். ஆகவே நாட்களைத்தான் நம்ப வேண்டும். வெள்ளவத்தையில் 14 நாள் கடைக்கும் போகாமல் இருந்துவிட்டுப் புறப்பட்டாலும் வழிப்பயணம் ஒன்று இடையில் வருகிறது. அதனால் ஊரில் போய்த் தனித்திருப்பதே சரி. பெரியம்மா அந்த இரண்டு வாரமும் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கலாம். மாட்டேன் என்றால் வீட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள்: அவவுக்குப் பின்பக்க அறையும் குசினியும், உங்களுக்கு முன்பக்கம், மலசலகூடம் தனித்தனி. அக்காவும் தங்கையும் நெடுநாளைக்குப் பிறகு சந்திக்கிறார்கள், முற்றத்தில் ஆறடி தள்ளிக் கதிரை போட்டுப் பேசுங்கோ என்றால் இரண்டு பேருக்கும் கோபம்தான் வரும். வரட்டும்.

பஸ் வேண்டாம். வான் ஒன்று பிடியுங்கள், ஏ.சி. போடாமல் யன்னலைத் திறந்து விடுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்காமல் போக மனம் வராது, எனக்கும் வராது. ஒருவர் மட்டும் முகக்கவசத்தோடு இறங்கித் தேங்காயை உடைத்துவிட்டு ஏறட்டும்.

புறப்பட முதல் அந்தப் பகுதிப் பி.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஜி.எஸ்.ஸுக்கும் (கிராம சேவகர்) தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இரவோடிரவாகப் போய் இறங்கினால் விடியமுன் வேலிக்கு வேலி கதை போய்விடும், பிறகு பெரியம்மாவுக்குப் பால் கொண்டுவருகிறவரும் படலைக்கு வரமாட்டார். ஊர்ச்சனம் பொல்லாதது என்று இதைச் சொல்லவில்லை. கொழும்பில் இருந்து வருகிறவர்களை அவர்கள் பயப்படக் காரணம் இருக்கிறது.

இனிக் கிணறு. நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. உங்கள் மகனுக்குக் கொரோனாவைவிட நான் பயப்படுவது இதற்குத்தான். உரும்பிராய் இருக்கிற வலிகாமப் பகுதியில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். மேலே ஊற்றுவது எதுவும் வெடிப்புகளால் விரைவாகக் கீழே இறங்கிவிடும். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிநீரும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் அளந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த புட்டிப்பால் பிள்ளைக்கு அது இரத்தம் ஒட்சிசன் காவுவதைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். "நாங்கள் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்" என்பீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறியும். தண்ணீரைச் சோதித்து முடிவு வரும்வரை மகனுக்குப் பால் கரைக்கப் போத்தல் தண்ணீர் வாங்குங்கள். சோதனைக்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கேட்கலாம், பி.எச்.ஐ.யும் வழி சொல்வார். டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயலோடு வந்த வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் குளோரின் போட்டதா என்றும் கேளுங்கள். அளவு தெரியாமல் நீங்களே அள்ளிக் கொட்ட வேண்டாம்.

மாமியின் விடயம் அவ்வளவு சிக்கலில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் கிட்ட இருக்கின்றன, அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் அங்கும் ஓடுகிறது. கிளினிக் கொப்பியையும் கையில் ஒரு மாத மருந்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். இன்சுலினை ஐஸ் பெட்டியில் கொண்டுபோகும்போது ஐஸ் கட்டியில் முட்டவிடாதீர்கள். உறைந்த இன்சுலினை எறிய வேண்டியதுதான். ஊரில் மின்சாரம் நெடுநேரம் நின்றால், நீர் தெளித்த ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைத்தால் தாங்கும்.

மாரி ஓய்கிற இந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் டெங்கு இருக்கும். வந்த புதிதில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கொரோனா என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ எனப் பயந்து ஒளிப்பார்கள். ஒளிக்காதீர்கள். பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரூஃபன் தொடவே கூடாது. டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதிக்க வேண்டும். இன்னொன்று, மகளை நிலத்தில் பாய் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பாம்பு வீட்டுக்குள் வரும், நித்திரையில் கடிபட்டவருக்குச் சில பாம்பின் பல் பட்ட இடமே தெரியாது. கட்டிலும் நுளம்பு வலையும் இரண்டுக்கும் உதவும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரிதான்: விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டாம், கொழும்புப் பாடசாலையில் விட்ட இடத்தைத் திரும்பப் பிடிப்பது பெரும் பாடு. அதே காரணத்துக்காக வாக்காளர் பதிவையும் வெள்ளவத்தையிலேயே வைத்திருங்கள். மகனை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது இடாப்பில் எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்று எண்ணுவார்கள். ஒன்லைன் வகுப்புக்கு ஊரில் சிக்னல் எப்படி என்பதை நான் சொல்ல முடியாது. பெரியம்மாவின் விறாந்தையில் இருந்து யாராவது இரவு எட்டு மணிக்கு ஒரு வீடியோ அழைப்பு எடுத்துப் பார்க்கட்டும்.

மகனுக்கு ஆறு மாதத் தடுப்பூசி வருகிறது. இங்கே உங்கள் மிட்வைஃபிடம் சொல்லி, பிள்ளையின் சுகாதாரக் கொப்பியோடு போய் ஊர் மிட்வைஃபிடம் பதியுங்கள். தனிமைப்படுத்தல் முடிகிற நாளையும் ஊசி நாளையும் பார்த்துத்தான் வானுக்கு நாள் சொல்ல வேண்டும்.