கடிதம்: எறிந்த சேற்றில் இருந்த வெள்ளி

அன்புள்ள ஐயா,

நெவாடாவின் கோம்ஸ்டாக் சுரங்கம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தங்கம் தேடி வந்தவர்கள் வெள்ளித் தாதுவைக் குப்பை என்று அள்ளி எறிந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. “தங்கம் கண்ணுக்குத் தெரியாதும்மா, கல்லுதான் காட்டிக்கொடுக்கும்” என்பார். வெள்ளி என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அங்கே தங்கத்தோடு வெள்ளி அவ்வளவு கிடந்திருக்கிறதே, கோலாரில் ஏன் இல்லை?

இன்னொன்று. ‘கோம்ஸ்டாக் கண்டுபிடித்தார்’ என்றும், ‘முழுக்க அதிர்ஷ்டம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் தேடிப் படித்தவரை கண்டுபிடித்தவர் அவர் இல்லை. அதிர்ஷ்டம் என்பதை ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளாக என்னால் ஏற்க முடியவில்லை.

அன்புடன்,
ம., ஓசூர்

அன்புள்ள ம.,

இரண்டு இடத்திலும் நீங்கள் சொல்வதே சரி. கட்டுரையில் திருத்திவிட்டேன்.

1859 ஜூனில் சிக்ஸ் மைல் கேன்யன் என்ற பள்ளத்தாக்கின் தலைமாட்டில் குழி வெட்டியவர்கள் பீட்டர் ஓரைலி, பாட்ரிக் மக்லாலின் என்ற இரண்டு ஐரிஷ்காரர்கள். மண் அலசத் தண்ணீர் தேக்குவதற்காக வெட்டிய குழி அது. அதில்தான் இந்தத் தாது தலைகாட்டியது. ஹென்றி கோம்ஸ்டாக் அதன்பிறகு வந்து, நிலமும் தண்ணீரும் என்னுடையது என்று வாதாடிப் பங்கு வாங்கிக்கொண்டவர். உரக்கப் பேசியவரின் பெயர் சுரங்கத்துக்கு நிலைத்துவிட்டது.

அதிர்ஷ்டம் என்ற சொல்லை நான் அவசரத்தில் எழுதினேன். பக்கத்திலுள்ள கோல்ட் கேன்யனில் 1850-லிருந்தே தங்கம் அலசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தங்கம் வெளிறிய நிறம். வெள்ளி கலந்திருந்ததால் கலிபோர்னியாத் தங்கத்துக்குக் கிடைத்த விலை அதற்குக் கிடைக்கவில்லை. மலைமேல் எங்கோ வெள்ளி இருக்கிறது என்று அந்த விலைக்குறைவே ஒன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் விலையைக் குறைத்தார்கள், விற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே விற்றார்கள். அத்தோடு முடிந்தது. பிறகு தொட்டில்போல ஆட்டி மண் அலசும் மரப்பெட்டிகளை ஒரு கனத்த நீலச்சேறு வந்து அடைத்தது. அதைத் திட்டிக்கொண்டே எறிந்தார்கள். அதில் கொஞ்சத்தை சியர்ரா மலைத்தொடரைத் தாண்டி கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது: டன்னுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பெறும், அதில் பெரும்பங்கு வெள்ளி. நீலச்சேறு என்பது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்த தாது.

முன்பே புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். ஆலன், ஹோசியா குரோஷ் என்ற சகோதரர்கள் அந்த மலைப்பக்கத்தில் வெள்ளி இருப்பதை உணர்ந்து ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். 1857-ல் ஹோசியா காலில் பிக்காசு பட்ட புண் புரையோடி இறந்தார். சில மாதத்தில், குளிர்காலத்தில் மலையைக் கடந்த ஆலன் பனியில் உறைந்த கால்களோடு இறந்தார். அவர்கள் இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் இந்தக் கதையைச் சொல்ல முடிவதில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. நம் ஊரில் போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு காரை பிடிக்குமே, அதிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த வாயு வெளியேறுகிறது. வாயுவோடு சேர்ந்து கரைந்திருந்த சுண்ணாம்பு, இனி தண்ணீரில் நிற்க முடியாமல் படிகிறது. கோம்ஸ்டாக்கில் நடந்ததும் இதே வகைதான். சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைகள் இருந்தன. மழைநீர் ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, ஒரு பெரிய நிலப்பிளவின் வழியே மேலே வந்தது. அந்த வெந்நீரில் தங்கம் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு கரைந்திருந்தது. மேலே வர வர அழுத்தம் குறைந்து, தரைக்குக் கீழே சில நூறு மீட்டரில் தண்ணீர் கொதித்தது. கந்தக வாயு ஆவியோடு போய்விட, பிடி விட்டுப்போன தங்கமும் வெள்ளியும் குவார்ட்ஸ் என்ற வெண்கல்லோடு பிளவுக்குள் படிந்தன. பூமியின் மேலோட்டில் வெள்ளி, தங்கத்தைப்போல ஏறத்தாழ 20 மடங்கு உண்டு. தண்ணீரில் உப்பும் இருந்தால் வெள்ளி அதைப் பற்றிக்கொண்டும் பயணம் செய்யும். அதனால்தான் கோம்ஸ்டாக்கில் எடை என்று பார்த்தால் வெள்ளியே மிக அதிகம்.

இது பழங்கதை மட்டும் இல்லை. கோம்ஸ்டாக் சுரங்க ஊரான வர்ஜீனியா சிட்டிக்கு வடமேற்கே சற்று தூரத்தில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அவற்றின் படிவுகளில் இன்றைக்கும் தங்கம், வெள்ளி, பாதரசம் எல்லாம் இருக்கின்றன.

கோலார் வேறு ஜாதி. அந்தப் பாறைகளுக்கு சுமார் 270 கோடி வயது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், மலைகள் நெரிபடும் காலத்தில், உப்புக் குறைந்த, கார்பன் டை ஆக்சைடு நிறைந்த நீர் அந்தத் தங்கத்தைச் சுமந்து வந்தது. கந்தகம் இருந்ததால் தங்கம் ஏறியது, உப்பு குறைவாக இருந்ததால் வெள்ளிக்கு வண்டி கிடைக்கவில்லை. தங்கத்தில் கலந்த சிறுபங்காகத்தான் கோலாரில் வெள்ளி உண்டு. உங்கள் அப்பா அதைப் பற்றிப் பேசாததில் வியப்பில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கோம்ஸ்டாக்கின் பெரும் புதையல் 1873-ல் கன்சாலிடேட்டட் வர்ஜீனியா சுரங்கத்தில், சுமார் 1,200 அடி ஆழத்தில் அகப்பட்டது. அதற்குப் பிறகு 3,000 அடிக்கும் கீழே இறங்கினார்கள். அங்கே 77 டிகிரி வெந்நீர் பீறிட்டது. கோலாரில் 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் சூடே சுமார் 65 டிகிரிதான். அதைவிடக் கொடிய சூட்டில், பனிக்கட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்கள் மாற்றி மாற்றி வெட்டினார்கள். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. கொதிநிலை இருந்த உயரத்தில்தான் தாது படியும், அதற்குக் கீழே தண்ணீர் கொதிக்கவே இல்லை. கோலார் நரம்புகள், அதாவது பாறைப் பிளவுகளில் படிந்த தாதுப் பட்டைகள், ஆழத்திலேயே உருவானவை. அவற்றுக்கு அப்படி ஒரு அடித்தட்டு கிடையாது, அதனால்தான் உங்கள் அப்பாவின் தலைமுறை 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் வெட்ட முடிந்தது.

உங்கள் அப்பா சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அதுதான். கோம்ஸ்டாக்கில் தாது நரம்பைச் சுற்றி ஒரு பச்சைப் பாறை பரந்து கிடக்கிறது. 1860-களில் ஃபெர்டினாண்ட் ஃபான் ரிச்தோஃபென் என்ற ஜெர்மானிய நிலவியலாளர் அங்கே ஆய்வு செய்தார். பட்டுப்பாதை என்ற பெயரைப் பரப்பியவரும் இவர்தான். பச்சைப் பாறையை அவர் ஒரு தனி இனமாக எண்ணி புரோப்பிலைட் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் வாசல் என்று பொருள் வரும் சொல்லிலிருந்து எடுத்தது. அந்தப் பாறை உருவான காலகட்டத்தின் எரிமலைப் பாறைகளுக்கெல்லாம் முன்வாசல் இது என்று கருதினார்.

அது பிழை. 1882-ல் ஜார்ஜ் பெக்கர் என்ற அமெரிக்க நிலவியலாளர் அதைக் காட்டினார். புரோப்பிலைட் என்று ஒரு பாறையே இல்லை. ஆண்டிசைட் என்ற சாதாரண எரிமலைப் பாறையை வெந்நீர் நீண்ட காலம் ஊறவைத்துப் பச்சையாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பெயர் சாகவில்லை. ‘புரோப்பிலிட்டிக் மாற்றம்’ என்று இன்றும் தாது தேடுபவர்கள் நாள்தோறும் எழுதுகிறார்கள். பாறை அப்படிப் பச்சையாகிக் கிடந்தால் வெந்நீர் இவ்வழி போயிருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து உள்நோக்கிப் போனால் களிமண்ணாகிப்போன பாறை, அதற்கும் உள்ளே நரம்பு இருக்கலாம். நரம்பின் அகலம் சில மீட்டர், சுற்றி வெந்துபோன பாறையோ கிலோமீட்டர் கணக்கில். தேடுபவருக்குக் கண்ணில் படுவது எது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு நிலவியல் வரலாற்றில் இதைவிடப் பிடித்த பிழை வேறில்லை.

இந்த அறிவின் பலனை ஜப்பானின் ஹிஷிகாரியில் பார்க்கலாம். அங்கே நரம்புகள் மண்ணுக்கு மேலே தலைகாட்டவே இல்லை. வெந்நீரில் மாறிக் களிமண்ணான பாறை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். வானிலிருந்து அதை அளந்து இடம் குறித்தார்கள். 1981-ல் போட்ட முதல் துளையிலேயே, 15 சென்டிமீட்டர் தடிமனில், டன்னுக்கு சுமார் 290 கிராம் தங்கம் இருந்த நரம்பு தட்டுப்பட்டது. டன்னுக்கு 5 கிராம் கிடைத்தாலே இயங்கும் சுரங்கங்கள் உலகில் ஏராளம். ஹிஷிகாரிக்காரர்கள் பார்த்தது தங்கத்தை அல்ல, தங்கம் வந்த வழியில் கெட்டுப்போன பாறையை.

இன்னொன்றையும் கட்டுரையில் சேர்த்திருக்கிறேன். அந்தத் தாதுவைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசத்தில் ஏறக்குறைய 7,000 டன் வெளியேறி கார்சன் ஆற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அதன் கீழ்ப்பகுதியில் பிடிக்கும் மீனை உண்ண வேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள். முதல் பதிப்பில் அதை விட்டது என் தவறு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கவயல் வீடுகள் பலவற்றில் வெண்கல் நரம்பு ஓடும் கருங்கல் துண்டு ஒன்றை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்பா அப்படி ஏதாவது வைத்திருந்தால், கருங்கல்லும் வெண்கல்லும் ஒட்டும் விளிம்பை நனைத்துப் பாருங்கள். விரல் அகலத்துக்கு நிறம் மாறியிருக்கிறதா? இருந்தால் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்