பைபிளில் கடவுளை ‘நிழல்’ என்று சொல்வது ஏன்?

வெயிலை நினைத்துக்கொண்டு வாசித்தால் விளங்கும். பெயெர்செபாவுக்குத் தெற்கே வனாந்தரத்தில் எலியா தீர்க்கதரிசி சோர்ந்து படுத்தது ஒரு சூரைச்செடியின் கீழ். அந்தச் செடியின் நிழல் சல்லடைதான், பாதி வெயில் உள்ளே இறங்கிவிடும். யோனா தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடியோ ஒரே இரவில் வளர்ந்து, மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது பூச்சி அரித்துக் காய்ந்துபோனது. பாறை நிழல் அப்படியல்ல: அடர்த்தி, குளுமை, காற்றடித்தாலும் அசையாது. ஏசாயா 32:2 ‘பெருங்கன்மலையின் நிழல்’ என்று தேர்ந்து சொல்கிறது. கிறிஸ்தவர்கள் அதில் இயேசுவைக் காண்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது சங்கீதம் 121:5. அங்கே கர்த்தர் ‘வலதுபக்கத்திலே’ நிழல். எருசலேமுக்கு நடந்து போகிறவர்களின் பாட்டாகக் கருதப்படுவது அது. மரநிழலில் ஒதுங்க நின்றாக வேண்டும், இந்த நிழல் கூடவே நடக்கிறது.

எபிரெயர் 10:1-இல் வரும் ‘நிழல்’ வேறு. அங்கே அது நிஜப்பொருளின் வெறும் சாயல்.