இங்கிலாந்தில் வாங்கிய ஒலிம்பிக் வட்டு பினாங்கில் ஓடுமா?

கேள்வி: நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். இங்கிலாந்தில் படிப்பை முடித்துத் திரும்பிய என் மகள், அங்கே வெளியான ஒலிம்பிக் ப்ளூ-ரே தொகுப்பு ஒன்றையும் காற்பந்து டிவிடி ஒன்றையும் எனக்காக வாங்கி வந்தாள். வீட்டு ப்ளூ-ரே பிளேயரில் இரண்டுமே ஓடவில்லை. ஆனால், அந்த டிவிடி மட்டும் எங்களிடம் உள்ள பழைய மலிவு பிளேயரில் ஓடுகிறது. மடிக்கணினியில் மண்டலத்தை, அதாவது எந்த நாட்டு வட்டு ஓடும் என்ற அமைப்பை, மாற்றி மாற்றிப் பார்த்தேன். இனி ஒரு முறைதான் மாற்றலாம் என்கிறது. கடைக்காரர் ஒருவர் 150 வெள்ளி கொடுத்தால் ப்ளூ-ரே பிளேயரை எல்லா மண்டலங்களுக்கும் திறந்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா, ஐயா? அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்கும் இதே தொகுப்பை அனுப்ப எண்ணியிருந்தேன். மேலும், 1998 காமன்வெல்த் போட்டியின் விசிடிகள் சிலவும் என்னிடம் உள்ளன. அவற்றையும் இந்த ப்ளூ-ரே பிளேயர் ஏற்பதில்லை.

பதில்: ஐயா, கடைக்காரருக்கு இப்போதே பணம் கொடுக்க வேண்டாம், மடிக்கணினியில் எஞ்சியிருக்கும் அந்த ஒரு மாற்றத்தையும் தொட வேண்டாம். கணினியின் டிவிடி டிரைவ் பொதுவாக 5 முறைதான் மண்டலம் மாற்ற இடம் கொடுக்கும். ஐந்தாவது மாற்றத்தில் எந்த எண்ணில் நிற்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். விண்டோஸை அழித்துவிட்டு மீண்டும் நிறுவினாலும் பயனில்லை, ஏனெனில் அந்தக் கணக்கு டிரைவின் உள்ளேயே எழுதப்படுகிறது.

வெளிநாட்டு வட்டு ஓடாமல் போவதற்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மண்டலக் குறியீடு; அது வணிகர்கள் தங்கள் சந்தைகளைப் பிரித்துக்கொள்வதற்காகப் போட்ட வேலி. மற்றொன்று படம் எந்த முறையில் பதிவாகியிருக்கிறது என்பது. அதாவது, பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரு தொலைக்காட்சி முறைகளில் எது என்ற வேறுபாடு. வேலியைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். திரைப்பட வட்டுகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். விளையாட்டு வட்டுகளில் இரண்டாவது காரணமே அதிகத் தொல்லை தருகிறது.

முதலில் வேலியைப் பார்ப்போம். டிவிடி உறையின் பின்புறம் சிறிய உலக உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். மலேசியாவுக்கு 3, இங்கிலாந்துக்கு 2, அமெரிக்காவுக்கு 1, ஆஸ்திரேலியாவுக்கு 4, இந்தியாவுக்கு 5. ப்ளூ-ரே வந்தபோது இந்த வரைபடத்தை மாற்றி, உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா ஆகியவற்றோடு மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசியாவும் ஏ பிரிவில் சேர்ந்தது. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் ஆப்பிரிக்காவும் பி பிரிவில் அமைந்தன. இந்தியா, சீனா, ரஷ்யா சி பிரிவுக்குப் போயின. ஆகவே, டிவிடியில் நமக்கும் அமெரிக்காவுக்கும் ஒத்துப்போகாது, ப்ளூ-ரேயிலோ இரு நாடுகளும் ஒரே பிரிவு. 2017-இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 1912 முதல் 2012 வரையிலான 53 ஒலிம்பிக் படங்களைத் தொகுத்து வெளியிட்டது. அதன் 32 வட்டுகள் கொண்ட ப்ளூ-ரே பதிப்பை உங்கள் பிளேயர் மறுப்பின்றி ஏற்கும். 43 வட்டுகள் கொண்ட டிவிடி பதிப்பை வாங்கினால் திண்டாட வேண்டியதுதான். உங்கள் மகள் சென்ற இங்கிலாந்தோ இரண்டு வரைபடங்களிலும் நமக்கு வேறு பிரிவு. உங்கள் பழைய பிளேயரில் டிவிடி ஓடியதில் மர்மம் எதுவும் இல்லை. மலிவு பிளேயர்கள் பலவும் மண்டலத்தைச் சரிபார்க்காமலேயே சந்தைக்கு வந்தவை.

கடைக்காரர் சொல்வதில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கலாம். டிவிடியில் மண்டலத்தைச் சரிபார்க்கும் வேலையைப் பிளேயர் செய்கிறது. பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினாலே அந்தச் சோதனை நின்றுவிடும். ப்ளூ-ரேயில், வட்டில் உள்ள நிரலே பிளேயரிடம் ‘நீ எந்த மண்டலம்?’ என்று கேட்டு, விடை பிடிக்கவில்லையென்றால் ஓட மறுக்கிறது. அதைச் சமாளிக்கப் பெரும்பாலும் பிளேயரைத் திறந்து தனிச் சில்லு பொருத்த வேண்டும், அல்லது அதன் உள்மென்பொருளை மாற்ற வேண்டும். டிவிடிப் பகுதியை மட்டும் திறந்துவிட்டு ‘எல்லா மண்டலமும் ஓடும்’ என்று சொல்லிப் பணம் வாங்கிய கடையைக் கோலாலம்பூரிலேயே நான் பார்த்திருக்கிறேன்; அந்தக் கடைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்லர், அவருக்கே வேறுபாடு தெரியவில்லை. எனவே, பணம் கொடுக்கும் முன்பு உங்கள் ஒலிம்பிக் வட்டையே கையோடு கொண்டுபோய், அவர் கண் முன்னே ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்படிச் செய்த மாற்றம் கூட, பிளேயர் இணையத்தில் இணைந்து தன்னைப் புதுப்பித்துக்கொண்டால் அழிந்துபோகக்கூடும், உத்தரவாதமும் போய்விடும்.

நானாக இருந்தால் இந்த வழிக்கே போகமாட்டேன். உங்கள் மகளின் தோழிகள் எவரேனும் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது, அங்கே பழைய பொருள் கடையில் ஒரு சாதாரண ப்ளூ-ரே பிளேயரை வாங்கி வரச் சொல்லுங்கள். மின்சாரத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு: நம் வீட்டுச் சுவரில் உள்ள சதுர மூன்று முனை பிளக் இங்கிலாந்தில் உள்ளதேதான், மின்னழுத்தமும் ஏறத்தாழ அதேதான். மாற்றி எதுவும் தேவையில்லை. எச்டிஎம்ஐ கம்பியைத் தொலைக்காட்சியில் செருகினால் வேலை முடிந்தது. அந்தப் பிளேயர் பி பிரிவு ப்ளூ-ரேயையும், 2-ஆம் எண் டிவிடியையும் எவ்விதத் திருத்தமும் இன்றி ஓட்டும். இங்குள்ள வட்டுகளுக்கு இப்போதைய பிளேயர் இருக்கவே இருக்கிறது. தொலைக்காட்சிக்கு அடியில் இரண்டு பெட்டிகள் இருப்பது அழகில்லை என்று வீட்டில் சொன்னால், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். திரைப்படம் ஒரு நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. நேரடி விளையாட்டு ஒளிபரப்பு அப்படி எடுக்கப்படுவதில்லை. இங்கிலாந்து, மலேசியா, இந்தியா போன்ற பால் முறை நாடுகளில் நீண்ட காலமாக நொடிக்கு 50 அரைப்படங்களாக அது பதிவாகியிருக்கிறது. அமெரிக்கா, ஜப்பான் போன்ற என்டிஎஸ்சி நாடுகளில் ஏறக்குறைய 60. ஒவ்வோர் அரைப்படத்திலும் படத்தின் பாதி வரிகளே இருக்கும். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

பூப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலுவான அடிகளில் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டியதாகப் பதிவுகள் உள்ளன. அந்த வேகத்தில் ஐம்பதில் ஒரு நொடிக்குள் பந்து சுமார் 2.2 மீட்டர் நகர்ந்துவிடும். இருபத்தைந்தில் ஒரு நொடி என்றால் 4.4 மீட்டர். ஆடுகளத்தின் முழு நீளமே 13.4 மீட்டர்தான். இறகுகள் காற்றைத் தடுப்பதால் பந்தின் வேகம் உடனே குறைந்துவிடும் என்றாலும், அடித்த அந்தக் கணத்தில், பாதிப் படங்களை இழந்த பதிவில் பந்து ஓரிடத்தில் மறைந்து வேறோர் இடத்தில் தோன்றுவது போல் இருக்கும். வட்டை ஓட்டும் கருவியோ, அதைக் கோப்பாக மாற்றும் மென்பொருளோ 50 அரைப்படங்களை 25 முழுப்படங்களாகச் சுருக்கும்போது நேர்வது இதுதான். வட்டு ‘ஓடுகிறது’, பந்துதான் தெரிவதில்லை.

ஆகவே, மடிக்கணினியில் விஎல்சி மென்பொருளைப் பயன்படுத்தினால், வீடியோ பட்டியலில் உள்ள ‘டீஇன்டர்லேஸ்’ என்ற அமைப்பை இயக்கி, முறையில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ஒவ்வோர் அரைப்படத்தையும் தனிப்படமாக விரித்து, நொடிக்கு 50 அசைவுகளையும் காப்பாற்றும். அது இல்லாவிட்டால் ஆட்டக்காரர்களின் கைகால்களின் ஓரம் சீப்புப் பற்களைப் போல் பிளவுபட்டுத் தெரியும். தொலைக்காட்சியில் அசைவை ‘மென்மையாக்கும்’ வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது இல்லாத படங்களைத் தானே கற்பனை செய்து செருகுவதால், வேகமான பந்தைச் சுற்றி நிழல் படரும். காப்புப் பூட்டுள்ள வட்டைக் கணினியில் நகலெடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. எனவே அந்த யோசனையை நான் சொல்லமாட்டேன்.

இந்த 50, 60 வேறுபாட்டால்தான் உங்கள் தம்பிக்கு இந்தத் தொகுப்பை அனுப்ப வேண்டாம் என்கிறேன். நம் நாட்டில் விற்கும் பிளேயர்களும் தொலைக்காட்சிகளும் நொடிக்கு 50, 60 அரைப்படங்கள் இரண்டையும் ஏற்கும். வெவ்வேறு முறை நாடுகளிலிருந்து வரும் வட்டுகளைப் பார்த்துப் பழகிய சந்தை இது. அமெரிக்காவில் விற்கும் பிளேயர்களில் பலவும், தொலைக்காட்சிகளில் பலவும் 50-ஐ அடியோடு மறுத்துவிடும். எனவே, மண்டலம் திறந்த வட்டாகவே இருந்தாலும், விளையாட்டு வட்டு அங்கே கறுப்புத் திரையையே காட்டக்கூடும். நியூயார்க்கில் வாங்கியது பினாங்கில் ஓடலாம். பினாங்கிலிருந்து போனது நியூயார்க்கில் ஓடும் என்று எண்ணி அஞ்சல் செலவு செய்யாதீர்கள்.

வட்டில் என்ன இருக்கிறது என்பதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும். இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. புல்தரை, கூட்டம், தெறிக்கும் நீர் ஆகியவற்றைச் சுருக்குவது கடினம் என்பதால், நல்ல தரத்தில் அதில் இரண்டரை மணி நேரம் அளவுக்கே கொள்ளும். 17 நாள் ஒலிம்பிக்கை ஐந்தாறு வட்டுகளில் அடக்குபவர் தம் நாட்டு வீரர்களின் வெற்றிகளைத்தான் முதலில் எடுத்துவைப்பார். 2012 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய், சீனாவின் லின் டானிடம் 21-15, 10-21, 19-21 என்று இழந்த லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதியாட்டம் முழுவதும் இங்கிலாந்துத் தொகுப்பு ஒன்றில் இருக்கும் என்று நம்பி வாங்கினால், பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். உறையின் பின்புறப் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் படித்த பிறகே காசு கொடுங்கள்.

கடைசியாக விசிடிகள். உங்களுக்கு மிக எளிதாகத் தீரும் சிக்கல் இது. ஆனால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், ஏனெனில் பினாங்கின் ஈரக்காற்றில் கால் நூற்றாண்டைக் கடந்த வட்டுகள் அவை. ப்ளூ-ரே பிளேயர்கள் பலவற்றில் விசிடியைப் படிக்கும் வசதியையே விட்டுவிட்டார்கள், வட்டில் குற்றமில்லை. விசிடியில் பூட்டு எதுவும் கிடையாது, மண்டலமும் கிடையாது. மடிக்கணினியில் வட்டைப் போட்டு, அதிலுள்ள ‘எம்பெக்-ஏவி’ (MPEGAV) என்ற கோப்புறையைத் திறந்தால், ‘.DAT’ என்று முடியும் பெரிய கோப்புகள் இருக்கும். அவற்றை அப்படியே வன்தட்டுக்கு நகலெடுங்கள். விஎல்சி அவற்றை நேரடியாக ஓட்டும். நகல் நடுவில் நின்றால் வட்டை மென்துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்துவிட்டு, வேறொரு டிரைவில் முயலுங்கள்; ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. தெளிவு 352-க்கு 288 புள்ளிகள்தான், அசைவும் நொடிக்கு 25 படங்கள்தான். தொடக்கத்திலேயே இழந்ததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ஒரு விசிடியில் 74 நிமிடம் முதல் 80 நிமிடம் வரையே கொள்ளும் என்பதால், நம் கோவிந்தசாமி சரவணன் தங்கம் வென்ற 50 கிலோமீட்டர் நடைப் போட்டி உங்கள் வட்டில் இருந்தால் அது சில நிமிடத் தொகுப்பாகவே இருக்கும். அந்தக் கோப்பை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவிலும் போட்டுவையுங்கள்.