பழைய பிரீமியர் பத்மினி கார் மலையேற்றத்தில் நின்றுபோய், அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆவது ஏன்?

இதற்குப் பெயர் வேப்பர் லாக். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பத்மினி போன்ற, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டியே உட்கார்ந்திருக்கும், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சித்தான் இழுக்கும். சித்திரை வெயிலில் போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளை ஃபர்ஸ்ட், செகண்ட் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறினால் பானெட்டுக்குள் காற்றோட்டமே இருக்காது, உறிஞ்சும் பக்கம் அழுத்தமும் குறைவு, அப்புறம் பெட்ரோல் ஆவியாகாமல் என்ன செய்யும்? வீட்டு மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டு, சத்தம் மட்டும் போட்டுத் தண்ணீர் ஏற்றாமல் ஓடுமே, அதே கதை.

நான் பானெட்டைத் திறந்து, பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, ஏலத்தோட்டத்து ஜீப்காரர்கள் சிரிப்பதைக் கண்டுகொள்ளாமல் ஒரு டீ குடிப்பேன். கிளம்பிவிடும். இந்தத் தொல்லைக்காகவெல்லாம் அந்த 1089 சிசி எஞ்சினை விட்டுக்கொடுக்க முடியாது. இன்றைய வண்டிகளில் பம்ப் டேங்குக்குள் இருந்து பெட்ரோலை அழுத்தித் தள்ளுவதால் இது அபூர்வம்.

பலர் நினைப்பதுபோல் ரேடியேட்டர் கொதித்தால்தான் இது வரும் என்றில்லை, டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றாலும் வரும், அதனால் அவசரப்பட்டுச் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைப் பொசுக்கிக்கொள்ளாதீர்கள்.