அஸ்தினாபுரம், காம்பில்யம் போன்ற பாரதத்து ஊர்கள் உண்மையில் இருந்தனவா? எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இருந்தன. ஆனால் நாம் கூத்தில் பார்த்த ஊர்கள் அல்ல.

வங்கி வேலையில் மாற்றலாகி உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். எங்கள் ஊரில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி உண்டு. பாரதம் கேட்டு வளர்ந்தவன் நான். துருபதன் ஆண்ட பாஞ்சாலம் நான் வாடகைக்குக் குடியிருந்த அந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

முதலில் ஒன்று. ஊரைத் தேடுகிறவர்கள் மகாபாரதத்தை மட்டும் நம்பி இறங்குவதில்லை. அது பல நூற்றாண்டுகளாக வளர்ந்த நூல். அதற்கு முந்தைய யஜுர் வேதம், வேள்விச் சடங்குகளை விளக்கும் ‘பிராமணம்’ என்ற வகை நூல்கள் ஆகியவற்றில் ஊர்ப்பெயர்கள் போகிற போக்கில் வருகின்றன. சதபத பிராமணம் அசுவமேதத்தைப் பற்றிப் பேசும்போது, ஆசந்தீவத் என்ற இடத்தில் பொன்னணியும் மஞ்சள் மாலையும் பூண்ட குதிரையை குரு குலத்து அரசன் ஜனமேஜயன் கட்டினான் என்கிறது. பாஞ்சால அரசன் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது பரிவக்ரா என்ற ஊர் வருகிறது. வேறோர் இடத்தில் ‘கௌசாம்பேயர்’ என்று ஒருவர் வருகிறார். யமுனைக் கரையிலிருந்த கௌசாம்பி நகரத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். மாடமும் இல்லை, மாளிகையும் இல்லை. குதிரையின் மாலையைச் சொன்ன நூல் ஊரின் மதிலைச் சொல்லவில்லை. அஸ்தினாபுரம் என்ற பெயரே அதில் கிடையாது. அந்தப் பெயரைப் பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்தில், சொல்லை எங்கே அழுத்தி உச்சரிக்க வேண்டும் என்று விதி சொல்லும் இடத்தில் பார்க்கலாம்.

துருபதனின் தலைநகரான காம்பில்யத்தின் கதை இன்னும் சுவையானது. யஜுர் வேதத்தில் ‘காம்பீலவாசினி’ என்று ஒரு சொல் வருகிறது. காம்பீலத்தில் வசிப்பவள் என்று ஓர் உரை. காம்பீலம் என்ற துணியை உடுத்தியவள் என்று இன்னோர் உரை. இரண்டுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. நாம் அன்றாடம் சொல்லும் ‘வசிப்பது’ ஒரு வேர், ‘வஸ்திரம்’ இன்னொரு வேர்; சமஸ்கிருதத்தில் இரண்டுமே ‘வஸ்’தான். ஊரா, புடவையா என்பது ஒரே சொல்லில் தொங்குகிறது! ஃபரூக்காபாத் மாவட்டத்தில் கம்பில் என்ற பெயரிலேயே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது என்பதால் நான் ஊர்க் கட்சி.

மண்ணின் சாட்சிக்கு நான் நேரில் பார்த்த அகிச்சத்திரத்தைச் சொல்கிறேன். துரோணர் துருபதனிடமிருந்து பறித்துக்கொண்ட வட பாஞ்சாலத்தின் தலைநகர். இன்று பரேலி மாவட்டம் ஆன்லா பக்கத்தில் ராம்நகர் என்ற கிராமம். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங் நகரின் சுற்றளவைக் குறித்து வைத்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் 1862–63 குளிர்காலத்தில் இந்த மேட்டை அடையாளம் கண்டார். கோட்டையின் சுற்று சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர். ‘மித்ர’ என்று முடியும் பெயர்கொண்ட பாஞ்சால அரசர்களின் காசுகள் இங்கே நிறையக் கிடைத்திருக்கின்றன. கௌசாம்பிக்கு அருகிலுள்ள பபோசா குகைக் கல்வெட்டில் ‘அதிச்சத்ரா’ (அகிச்சத்திரத்தின் இன்னொரு வடிவம்) அரசன் ஒருவன் பேசப்படுகிறான். வெறும் மேட்டுக்கு ஒரு பெயரைப் பொருத்த இவ்வளவு தேவைப்படுகிறது.

மழைக்காலம் முடிந்த கையோடு நான் போயிருந்தேன். மண் அரித்த சிறு ஓடையில் பானை ஓடுகள் கொட்டிக் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். சாம்பல் நிறம், பிஸ்கட் போல மெல்லியது, விளிம்போரம் கறுப்பாக இரண்டு கோடுகள். நகத்தால் தட்டினால் உலோகம் போல ஒலித்தது. ‘எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் சார்’ என்று காவலாளி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். வைத்துவிட்டேன். அந்தச் சாம்பல் நிற ஓவியப் பானைதான் இந்தக் கதைக்கெல்லாம் அச்சாணி. 1940–44இல் இங்கே நடந்த அகழாய்வில்தான் அது தனிவகை என்று முதலில் தெரிந்தது.

பிறகு தொல்லியலாளர் பி. பி. லால் 1950–52இல் மீரட் அருகிலுள்ள அஸ்தினாபுரத்தைத் தோண்டினார். அங்கும் அதே பானை. அந்த அடுக்குக்கு அவர் சொன்ன காலம் ஏறத்தாழ கி.மு. 1100 முதல் 800 வரை. கிடைத்த வீடுகள் மண் சுவரும் நாணல் தட்டியும்தான். அந்த அடுக்கின் முடிவில் வெள்ளம் அரித்த தடம். கங்கை ஊரை அடித்துக்கொண்டு போனதால் அரசன் நிசக்‌ஷு கௌசாம்பிக்குக் குடிபெயர்ந்தான் என்று புராணங்கள் சொல்வதால், லால் இரண்டையும் இணைத்தார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளத் தடம் வெள்ளம் வந்ததற்குச் சாட்சி. அரசனுக்குச் சாட்சி அல்ல. புராணத் தொகுப்போ அதற்குப் பல நூறு ஆண்டுகள் பிந்தியது.

எனக்குப் பட்டது இது. நூல் எவ்வளவு பழையதோ அவ்வளவு குறைவாகப் பேசுகிறது. மண்ணும் அந்தக் குறைந்த பேச்சோடுதான் ஒத்துப்போகிறது. பிந்தைய நூல்களின் மாளிகைகளுக்கு மண்ணில் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் இடம் கிடைக்கிறது. கௌசாம்பியின் மதிலை இன்னும் பழையது என்று அதைத் தோண்டிய ஜி. ஆர். சர்மா சொன்னார்; பலர் ஏற்கவில்லை, நானும் அவர்கள் பக்கம்.

போக நினைப்பவர்களுக்கு: ஆன்லா ரயில் நிலையத்தில் இறங்கி, சமணர்களின் பார்சுவநாதர் கோயில் என்று கேளுங்கள், எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். கோட்டை மேடு அதற்குப் பக்கத்தில். உள்ளே இருக்கும் பெரிய சிவலிங்கத்தை பீமனின் கதாயுதம் என்று சொல்வார்கள், தலையாட்டிவிடுங்கள். அங்கே கிடைத்த ஆளுயரச் சுடுமண் கங்கையும் யமுனையும் டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், மேட்டில் நிழல் கிடையாது.