மூன்று ஆண்டுகளில் என்ன காட்டுவார்கள்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் காட்டில் மரங்கள் மட்குவதை அளக்கும் இருநூறு ஆண்டு ஆய்வைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) குழுவில், இந்த ஆண்டு மரக்கன்று நடுவதை விட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கும் ஒரு நீண்டகால ஆய்வுக்கு நிதி தரலாம் என்றேன். "மூன்று ஆண்டுகளில் என்ன முடிவு காட்டுவார்கள்?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எஸ்., ஒயிட்ஃபீல்டு

அன்புள்ள எஸ்.,

"ஒன்றும் காட்டமாட்டார்கள்" என்று சொல்லியிருப்பேன். என்னை யாரும் குழுக்களில் சேர்ப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் குழுவை மட்டும் குறை சொல்ல முடியாது. சி.எஸ்.ஆர். விதிகளே ஒரு தொடர் திட்டத்துக்கு, தொடங்கிய நிதியாண்டு போக, மூன்று ஆண்டுகள்தான் தருகின்றன. அமெரிக்காவிலும் பெரிய வாழ்வு இல்லை. நீங்கள் படித்த ஆய்வைத் தொடங்கிய சூழலியலாளர் மார்க் ஹார்மன் 1985இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட மரத்துண்டுகளை இருநூறு ஆண்டுக் கணக்கில் கிடத்திவைத்த ஆரிகனின் ஆண்ட்ரூஸ் காட்டின் நீண்டகால ஆய்வுத் திட்டம், ஆறு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய நிதியில்தான் ஓடுகிறது. 2023இல் அந்தக் காட்டின் பெரும்பகுதி எரிந்தது. எரிவதற்கு முந்தைய பல பத்தாண்டுக் கணக்கு கையில் இருப்பதால், தீ எதை மாற்றியது என்று இப்போது அவர்களால் கேட்க முடிகிறது. தீ வரப்போகிறது என்று எந்த விண்ணப்பத்திலும் எழுதி நிதி வாங்கியிருக்க முடியாது.

ஆக, நிதி எங்கும் துண்டு துண்டாகத்தான் வருகிறது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அறுந்துபோவது எது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரின் குழு 1988இல் 50 ஹெக்டேரைக் குறித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தது. எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றின் பருமனையும் அளக்கிறார்கள். அது இலையுதிர்காடு. கோடரி படாத மழைக்காடு என்றால் குடகின் உப்பங்களா. அங்கே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990ஐ ஒட்டி இதே வேலையைத் தொடங்கியது.

வேலை என்னவோ மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடிப்பதுதான். ஆனால் எங்கே பிடிப்பது? தரையிலிருந்து 1.3 மீட்டர் என்பது விதி. அடிமரத்திலிருந்து பலகைபோல விரியும் வேர் அந்த உயரத்தையும் தாண்டி ஏறியிருந்தால் அதற்கு மேலே போக வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு எந்தப் பக்கத்துத் தரை? கொடி சுற்றியிருந்தால் நாடாவை அதற்கு அடியில் நுழைக்க வேண்டும். முதிர்ந்த காட்டின் நிழலில் ஒரு மரம் ஓராண்டில் பருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். நாடா நான்கு விரல் இறங்கினால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் கூடும், ஏறினால் மரம் இளைத்துவிடும். எண் பொறித்த தகட்டை யானை உரசித் தள்ளியிருக்கும். பட்டை வளர்ந்து விழுங்கியிருக்கும். எந்த மரம் எங்கே என்று வரைபடம் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் போன முறை அளந்தவரே வந்தால் நேராக அந்த மரத்திடம் போய் நிற்பார். இலை உதிர்ந்த கோடையில் பட்டையை வெட்டி முகர்ந்தே இன்ன மரம் என்று சொல்கிறவரும் அவர்தான்.

பெரும்பாலும் அவர் அந்தக் காட்டை ஒட்டி வாழ்பவர். வேலையோ ஒப்பந்தக் கூலி. நிதி ஆறு மாதம் நின்றால் பேராசிரியர் வேறு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார். இவர் எஸ்டேட்டுக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுவார். நிதி திரும்ப வரும்போது அவர் திரும்புவதில்லை.

ஆகவே ட்ரோன் வாங்கித் தருகிறோம் என்று போகாதீர்கள். ட்ரோன் வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள், புகைப்படமும் நன்றாக வரும். இரண்டு களப்பணியாளர்களுக்கும் தரவைச் சரிபார்த்துச் சேமிக்கும் ஒருவருக்கும் மூன்று ஆண்டுச் சம்பளம், விடுப்பு, காப்பீடு என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு இறுதியில் குழுவுக்கு மூன்று விஷயங்கள் காட்டலாம்: கணக்கெடுப்பு ஓராண்டும் விடுபடவில்லை, அதே ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள், இளையவர் ஒருவர் கற்றுக்கொண்டிருக்கிறார். மரக்கன்றுக் கணக்கைவிட இதைத் தணிக்கை செய்வது எளிது. கன்றுகளை நட்ட அன்றைக்குப் பிறகு யாரும் எண்ணுவதில்லை.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்திலும் ஜக்கூரில் உள்ள ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்திலும் நேரில் கேட்டுவிடுங்கள். இரண்டும் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஜக்கூர் போக மட்டும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.